நாற்காலி மாறி உட்கார்

— உட்காரு மார்லீன். கேள்வியெல்லாம் அப்புறம். முதல்ல இந்த நாற்காலியில உட்காரு.

— ரஸல்? நீ இங்கயா? மெக்கானிக்கிட்டேருந்து லாரியை எடுத்துட்டு வரேன்னுதானே கிளம்பின?

— என்னைத் தேடிட்டு வந்துட்ட, அதுவும் நல்லதுக்குத்தான். திட்டுறதை வீட்ல வெச்சுக்கோ. இந்தச் சூதாட்ட மெஷின் தலையில விளக்கு சுத்துது பாரு. விழுந்துடுச்சு மார்லீன். பெரிய பரிசு.

— விழுந்தா வாங்கிக்கோ. என்னை ஏன் இழுக்கற?

— நான் வாங்க முடியாதே. போன வருஷம் உன் கண்ணு முன்னாடிதானே, 'இனிமே என்னைக் கேசினோ உள்ள விடாதீங்க'ன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்? அப்படி எழுதிக் குடுத்தவங்க பட்டியல்ல இருக்கறவன் ஜெயிச்சா கேசினோக்காரன் சல்லிக்காசு தரமாட்டான். அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பான், பட்டியல்ல பேரு வந்துரும், அவ்வளவுதான்.

— அப்ப விட்டுடு. வா, போயிடலாம். இப்பவே.

— லாரி மெக்கானிக்கிட்ட இல்ல.

— பின்ன?

— அடகுல இருக்கு. இந்த வாரத்துக்குள்ள மீட்கலேன்னா வித்துடுவான். இந்தத் தண்டர் பே ஊர்ல, நடு ஜனவரியில, பனி தள்ளுற வண்டி இல்லாம நான் எதை வெச்சுச் சம்பாதிக்கறது?

— அடப்பாவி மனுஷா.

— அழாத, பரிசு குடுக்க வர்ற கேசினோ ஆள் சந்தேகப்படுவான். நான் ஒருத்தன்தானா, சொல்லு. சர்ச்சுல பாட்டு சொல்லித்தர்ற கிளாடிஸ் அந்த மூலையில உட்கார்ந்திருக்கா. உன் பல் டாக்டர் பின் வரிசையில. எத்தனை வீட்ல இந்தக் காய்ச்சல் இருக்குன்னு உனக்குத் தெரியாது.

— தெரியும்.

— என்ன தெரியும் உனக்கு? ஒரு லாட்டரிச் சீட்டைச் சுரண்டினவளா நீ? சுத்தமானவ. உள்ளேருந்து கை எப்படிப் பரபரக்கும்னு உன்னை மாதிரி ஆளுங்களுக்கு எப்படிப் புரியும்?

— சும்மா இரு ரஸல்.

— அந்தச் சுத்தத்தைத்தான் கேக்கறேன். நீதான் ஆடின, நீதான் ஜெயிச்ச. ஒரே ஒரு பொய். லாரி வந்துட்டா சத்தியமா இந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

— போன தடவையும் இதே சத்தியம்தான். கையை விடு, நான் வெளியே போகணும்.

— அதோ கேசினோ ஆள், சிவப்புக் கோட்டுக்காரன், வந்துட்டான். சிரி.

— வாழ்த்துகள். இந்த மெஷின்ல ஆடினது யாரு?

— என் மனைவி சார். சந்தோஷத்துல பேச்சே வரல அவளுக்கு.

— பல பேருக்கு அப்படித்தான் ஆகும். அம்மா, உங்க அடையாள அட்டையைக் குடுங்க. பேரைச் சரிபார்த்துட்டு ஒரு நிமிஷத்துல வந்துடறேன்.

— குடு மார்லீன். கைப்பையிலதானே இருக்கு? ஏன் பையைத் திறக்க மாட்டேங்கற?

— ரஸல், நான் இங்க உன்னைத் தேடி வரல. நீ கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே அந்தப் பட்டியல்ல என் பேர் இருக்கு.