பெட்டி மூடியில் ஒட்டிய பதினான்கு வரிகள்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவற்றை ஏட்டையா இந்த வாக்குமூலத் தாளின் மேலே எழுதிக்கொண்டார். வயது அறுபத்தெட்டு. மத்திய வங்கியின் கிடங்கில் பெட்டி திறக்கும் வேலை. என்னைப் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இதற்குக் கீழே உள்ளதெல்லாம் என் சொந்தக் கையெழுத்து.

எங்கள் பெட்டி அறையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத்தான் வேலைக்கு வைப்பார்கள். பெட்டியில் இருப்பதைப் படித்துவிட்டு வெளியே போய்ச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பத்தொன்பது வருடமாகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்து வந்தேன். அந்த அறையில் படிக்கத் தெரிந்தவர், பெட்டிகளைச் சரிபார்க்கும் எழுத்தர் அம்மா ஒருவர்தான். அதன் பிறகு சென்ற வருடம் என் மனைவி நகராட்சிப் பள்ளியின் மாலை வகுப்பில் சேர்ந்து, என் மாத்திரை அட்டையைப் படித்துப் பார்த்து, "இது காலாவதியாகி மூணு மாசமாச்சு, கைநாட்டுத் துரை தெரியாம முழுங்கிட்டிருக்காரு" என்று சிரித்ததால் நானும் சேர்ந்தேன். ஏழு மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. வேலை போய்விடும் என்று பயந்து கிடங்கில் சொல்லவில்லை. பதிவேட்டில் கைநாட்டே வைத்தேன். பெருவிரலுக்குத்தான் வெட்கமாக இருந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை புது நோட்டுப் பெட்டிகள் வந்தன. இரும்புப் பட்டையை வெட்டி மூடியை நெம்பியபோது, ஒவ்வொரு மூடியின் உள்பக்கத்திலும் ஒரே அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நோட்டு வெளியாகும்போது மக்களுக்குக் காட்ட வேண்டிய அறிவிப்பு அது. மொத்தம் பதினான்கு வரிகள். நின்று படித்தால் கம்பிக் கதவுக்கு வெளியே நிற்கும் மேற்பார்வையாளர் கண்ணில் படும் என்பதால் பெட்டிக்கு ஒரு வரி என்று படித்தேன். அன்று ஏழு பெட்டிகள்தான் திறந்தோம். ஆகவே ஏழு வரிகள். நம் நோட்டுகள் நம் நாட்டில் அச்சாவதில்லை, எப்போதுமே கடல் கடந்து வேறொரு நாட்டின் தனியார் அச்சகத்தில்தான் அச்சாகின்றன என்று அவற்றில் இருந்தது.

அதன் பிறகு ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறினேன். இவ்வளவு பெரிய விஷயத்தை நானே படித்தேன் என்ற சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"யோவ் பெரியவரே, நமக்கு நூறு அடிக்கிறவன் தனக்குப் பத்து அடிச்சுக்க மாட்டானா?" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. காய்கறிக் கூடை வைத்திருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் இடுப்புல இருக்கறது யாரு காசு?" என்று கேட்டார். "மிச்சத்தப் படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன். அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது.

பஸ்ஸில் சொன்னது ஊரெல்லாம் பரவி, மறுநாள் காலை வங்கி வாசலில் கூட்டம். எல்லோரும் நோட்டை நீட்டி, காசாவது நம் நாட்டுது என்று சில்லறைக் காசாகக் கேட்டார்கள். கண்ணாடிக் கதவு உடைந்து வாசல் காவலாளிக்கு நெற்றியில் நான்கு தையல் போட்டார்கள். அதன் பிறகு மீதிப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார்கள். மிச்ச ஏழு வரிகளையும் படித்தேன். நம் நாடு சிறியது. ஒரு வருடத்துக்கு நமக்கு வேண்டிய நோட்டுகளை ஓர் அச்சு இயந்திரம் மூன்றே வாரத்தில் அடித்துத் தள்ளிவிடும். மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கிற இயந்திரத்தை வாங்கிப் போடுவதைவிட, பல நாடுகளுக்கும் அடித்துக் கொடுப்பவரிடம் வாங்குவது செலவு குறைவு. வெளிச்சத்தில் பிடித்தால் படம் தெரிகிற தாளும் நிறம் மாறுகிற மையும் செய்யத் தெரிந்த இடங்கள் உலகத்தில் கொஞ்சம்தான். நம் அதிகாரிகள் அங்கேயே நின்று தாள் தாளாகச் சரிபார்க்கிறார்கள். நம் வங்கி வெளியிடும் வரை அது பணமே இல்லை. கடைசி வரியில், சில்லறைக் காசுகளும் வெளிநாட்டில்தான் செய்யப்படுகின்றன என்று இருந்தது.

அன்று மத்தியானம் எழுத்தர் அம்மாவைப் போலீஸார் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே, விஷயம் அவர் வாயிலிருந்துதான் போயிருக்கும் என்றார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "நடந்து நடந்து தெருவத் தேய்க்காதீங்க, போய்ச் சொல்லுங்க. வேலைதான போகும், படிச்சது போயிடுமா?" என்று என் மனைவி சொன்னாள்.

அதன் பிறகு இன்று காலை பத்து மணிக்கு இங்கே ஸ்டேஷனுக்கு வந்து, படித்ததும் சொன்னதும் நான்தான் என்றேன். இன்ஸ்பெக்டர் ஐயா பதிவேட்டை விரித்து என் கைநாட்டுகளைக் காட்டி, "அந்தம்மாவக் காப்பாத்த வந்தீங்களா பெரியவரே? கைநாட்டு வெச்சவர் நோட்டீஸ் படிச்சாருன்னா கோர்ட்டுல சிரிப்பாங்க" என்றார். நான் பேப்பரும் பேனாவும் கேட்டேன். இப்போது மணி மூன்று இருபது. எழுத்தர் அம்மா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒருமுறை, "பெட்டிக்காரரே, வேலை போயிடும், யோசிச்சு எழுதுங்க" என்றார். "யோசிக்காம எனக்கு எழுதவே வராதும்மா" என்றேன்.

யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் மிரட்டவில்லை. எழுதியதை இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது. தாளின் அடியில் பெருவிரல் ரேகைக்கென்று ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். அதைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டேன். பக்கத்தில் உள்ளது என் கையொப்பம்.

(கையொப்பம்)