கதவோர ஸ்டூல்

ரெண்டாவதுதான் நல்லாருக்கா? நெனச்சேன். இல்ல இல்ல, நீங்க தப்பா எதுவும் சொல்லல தம்பி. வர்ற எல்லாரும் சொல்றததான் நீங்களும் சொல்றீங்க. டாக்டர் வந்தாலும் ரெண்டாவதும்பாரு, வக்கீல் வந்தாலும் ரெண்டாவதும்பாரு. போன மாசம் ஒரு பாட்டு வாத்தியார் வந்தாரு. கண்ண மூடிக்கிட்டு, தலைய ஆட்டிக்கிட்டு, ரெண்டாவதுல ஒரு ஆழம் இருக்குன்னாரு. ஆழமாம். ஸ்பீக்கருக்கெல்லாம் பாட்டப் பிரிச்சு அனுப்பற ரிசீவர் ரெண்டு தடவையும் ஒண்ணுதான் தம்பி. மேல ஒரு பொட்டி, கீழ ஒரு பொட்டின்னு வச்சிருக்கறது சும்மா பார்வைக்கு. ரெண்டு தடவையும் ஓடுனது கீழ இருக்கறதுதான். ரெண்டாவது தடவ சத்தத்தத் துளி ஏத்தி வச்சேன், அவ்வளவுதான் சங்கதி. சத்தமா இருந்தா நல்லாருக்கற மாதிரி தோணும் மனுஷனுக்கு. காதோட லட்சணம் அப்படி.

ஏன் மொகம் சுருங்குது? இத நான் எல்லார்கிட்டயும் சொல்றதில்ல. முதலாளி காதுல விழுந்தா என் சீட்டக் கிழிச்சிருவாரு. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன். பாத்து, பாத்து, தரையில வயர். உள்ள வரும்போதும் அதுலதான் தடுக்குனீங்க. பொட்டிமேல இருக்கறத அப்படி மூக்கால உரசிக்கிட்டுப் படிக்காதீங்க. தள்ளி நின்னு படிச்சாலும் அதே பொய்தான் எழுதியிருக்கும்.

என்னது, எத்தன வாட்ஸா? யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு இப்படிக் கேக்கச் சொல்லி? ஃபோன்ல படிச்சிட்டு வர்றது. வாட்ஸ்னா என்னன்னு திருப்பிக் கேட்டா பேந்தப் பேந்த முழிக்கறது. அந்த நம்பர் எப்படி வந்துச்சு தெரியுமா? ஒரே ஒரு ஸ்பீக்கர மாட்டி, அதையும் கதறக் கதற விட்டு எடுத்த கணக்கு. எல்லாத்தையும் மாட்டுனா அதுல பாதி தேறாது. அப்பறம் பின்பக்கம் வயர் சொருக எத்தன ஓட்டை இருக்குன்னு எண்ணுவாங்க. இதுல ஏழு இருக்கு, அதுல ஆறுதான் இருக்குன்னு புருஷனும் பொண்டாட்டியும் என் முன்னாடியே சண்ட போடுவாங்க. வீட்டுக்குக் கொண்டு போய் அதுல எத்தன சொருகுவாங்கன்னு நெனைக்கறீங்க? ஒண்ணு. மிச்ச ஓட்டையில கரப்பான்பூச்சி குடித்தனம் பண்ணும்.

வாங்கறதாவது பரவால்ல. அதோட வாழறாங்க பாருங்க, அதத்தான் நீங்க பாக்கணும். ரிசீவர் சூடாகும் தம்பி, அதுக்கு மேல காத்துப் போக எடம் வேணும். படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புவேன். ரெண்டு வாரம் கழிச்சுப் போனா மேல ஒரு பூப்போட்ட துணி, அதுமேல பூ ஜாடி, பக்கத்துல கல்யாண ஃபோட்டோ. அது மூச்சு முட்டித் தானா அணைஞ்சுபோகும். உடனே என்னக் கூப்பிட்டு, என்ன சார் டப்பா பொருளத் தலையில கட்டிட்டீங்கன்னு கேப்பாங்க. ரிமோட்ல அம்பது பட்டன் இருக்கும், மூணுதான் தெரியும். வீட்ல அம்மா டிவி பாக்கணும்னா டிவிக்கு ஒரு ரிமோட்டு, கேபிள் பொட்டிக்கு ஒரு ரிமோட்டு, ரிசீவருக்கு ஒரு ரிமோட்டு. எதயாவது மாத்தி அமுக்கிட்டா படம் தெரியும், சத்தம் வராது. மகன் ஆபீஸ்ல மீட்டிங்க விட்டு வெளிய வந்து, அம்மா மேல பச்சையா ஒண்ணு இருக்கு பாருங்கன்னு வழி சொல்லிக்கிட்டிருப்பான். அவங்க வேணாம்பா, ஊமைப்படமாவே பாத்துக்கறேன்னு வச்சிருவாங்க. இதுக்குப் பேரு வசதி.

இருங்க, ஃபோன். வேணாம், அடிக்கட்டும். வீட்டுக்காரிதான், காலையிலேர்ந்து இதே வேலையா இருக்கா. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. எங்க சின்னப் பொண்ணு ஒருத்தனக் கட்டிக்குவேன்னு சொல்லிட்டு நிக்கிறா. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவனாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நான் பதில் சொல்லணுமாம். என்ன பதில்? முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் காலையில செருப்ப மாட்டினேன். ஒரு தடவ ஆளப் பாத்துட்டு சொல்லுங்கன்னு கெஞ்சறா வீட்டுக்காரி. எதுக்குப் பாக்கணும்? மூத்தவளுக்கு ஊரெல்லாம் விசாரிச்சு, நல்லாப் பாத்துதான் எடுத்தோம். பாத்து என்னத்தக் கிழிச்சோம்?

சின்னவ எங்கிட்டப் பேசி ஒரு வாரமாச்சு. தட்ட வைக்கறா, தண்ணி வைக்கறா, மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறா. நான் முடியாதுன்னா ஓடிப் போற ரகமும் இல்ல அவ. வேற எவனையும் கட்டிக்காம, இப்படியே எனக்குத் தட்டு வச்சுக்கிட்டே இருந்துருவா. அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் முடியாதுன்னேன். நீங்க ஏன் தண்ணியக் குடிச்சிட்டே இருக்கீங்க? ஏசி ஓடுது, உங்களுக்கு வேர்க்குதே.

சரி, என் வீட்டுக் கதைய விடுங்க. கைய நீட்டுங்க. இது மைக்கு. எல்லா ரிசீவரோட அட்டப்பொட்டிக்குள்ளயும் இப்படி ஒண்ணு வரும். பாதிப் பேரு அத வெளியவே எடுக்க மாட்டாங்க. ஆள் உக்கார்ற எடத்துல, காது இருக்கற ஒசரத்துல இத வச்சா, ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் ஊய்னு ஒரு சத்தம் விட்டு, அந்த எடத்துக்கு எது எவ்வளவு வந்து சேருதுன்னு தானே அளந்துக்கும். முடிச்சதும் அடுத்த எடம் எங்கன்னு கேக்கும். போதும்னா முடிஞ்சுதுன்னு ஒரு பட்டன் இருக்கு. இந்த ரூமையே உங்க வீட்டு ஹால்னு வச்சுக்குங்க. சோபா இருக்கு, நாற்காலி இருக்கு, கதவோரத்துல ஒரு ஸ்டூல் கெடக்கு. வைங்க பாப்போம். நான் வாயத் தொறக்க மாட்டேன்.

எங்க போறீங்க? சோபா இந்தப் பக்கம் இருக்கு. ஸ்டூலுக்கா? அது நான் உக்கார்றதுக்குப் போட்டது தம்பி, பாதி ரூமுக்கு வெளியில கெடக்கு. அங்க யாரு... அம்மாவா. ம். சமையல்கட்ட விட்டு வர மாட்டாங்களா. கதவுகிட்டயே உக்காந்து காய் நறுக்கிக்கிட்டே பாப்பாங்க. உள்ள வாங்கன்னா அடுப்புல இருக்கும்பாங்க. ம். சரி, வைங்க. இல்ல, இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க, காது ஒசரத்துக்கு. ஓ, அவங்க குள்ளமா. அப்ப சரி, உங்களுக்குத் தெரியாததா. பட்டன அமுக்குங்க. சத்தம் போகும்போது ரெண்டு பேரும் பேசக் கூடாது. என்னது, மூச்சப் புடிச்சுக்கணுமா? அவ்வளவெல்லாம் வேணாம் தம்பி. சரி சரி, புடிச்சுக்கறேன்.

மூச்ச விட்டுரலாமா? ம். அடுத்த எடம் எங்கன்னு கேக்குது பாருங்க. அந்த நாற்காலி யாருக்கு? தங்கச்சிக்கா. அவங்களுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தமா. அப்ப நல்ல காது பக்கமாத் திருப்பி வைங்க. அப்பறம்? கடைசியாத்தான் உங்க எடமா.

நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன் தம்பி. அந்த ஸ்டூல இப்படித் தள்ளுங்க.

இல்ல, டாக்டர்லாம் வேணாம். எத்தனையோ வருஷமா இந்த மைக்க எவன் எவன் கையிலயோ குடுத்திருக்கேன். எல்லாரும் நேரா சோபா நடுவுல வைப்பாங்க. அவங்கவங்க உக்கார்ற எடம். ஒரு தடவ ஊய்னு சத்தம் வந்ததும் முடிஞ்சுதுன்னு அமுக்கிருவாங்க. வீட்ல மத்தவங்க உக்கார மாட்டாங்களா சார்னு கேட்டா, உக்காருவாங்க, ஆனா அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது சார்னு ஒரு சிரிப்பு. படிச்சவங்க, பெரிய பெரிய வேலையில இருக்கறவங்க. மைக்க ஸ்டூல் பக்கம் கொண்டு போன ஒரு ஆம்பளைய நான் பாத்ததில்ல.

எங்க மூத்த மாப்ள இருக்காரே, அவரு பெரிய ரசிகரு. சாதாரணமாப் பேசுனாலே தெருக்கோடிக்குக் கேக்கும். ஹால் இந்த ரூம்ல பாதி கூட இருக்காது, அதுக்கு ஒம்பது ஸ்பீக்கர். குறுக்கால நடக்கணும்னா ஒருக்களிச்சுத்தான் போகணும். ரிசீவர் கடையிலயே பெரிசு, தூக்க ரெண்டு ஆள் வேணும். நாந்தான் கொண்டு போய் மாட்டிக் குடுத்தேன். மைக்க வெடுக்குன்னு என் கையிலேர்ந்து வாங்கி, அவரு சாய்வு நாற்காலியில வச்சு, பட்டன அமுக்குனாரு. சத்தம் போய்க்கிட்டிருக்கு. எம் பொண்ணு சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னு, அப்பா, சாப்பிட்டுட்டுத்தான போவீங்கன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. வாய மூடுடி சனியனேன்னாரு. எம் முன்னாடியே.

அவ மூடிக்கிட்டா தம்பி. அழுதிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு இருக்காது. பல்லு வெளக்கற மாதிரி, தெனம் செய்யற வேலை மாதிரி, பட்டுன்னு மூடிக்கிட்டா. ரிசீவர் அடுத்த எடம் எங்கன்னு கேட்டுச்சு. இவரு முடிஞ்சுதுன்னு அமுக்குனாரு. பொண்ணு எங்க உக்காருவா, அங்கயும் வைக்கலாமேன்னு கேட்டேன். மாமா, அவ எங்க உக்காரப் போறான்னாரு. அப்பறம் என்னையும் உக்கார வச்சு ஒரு படம் போட்டாரு. குண்டு வெடிக்குது, கண்ணாடி ஒடையுது, தரையெல்லாம் அதிருது. எப்படி மாமா, எப்படி மாமான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் எங்க படத்தப் பாத்தேன்? படம் முடியற வரைக்கும் எம் பொண்ணு அந்த வாசல்லயே, தோள்ல கைதுடைக்கற துணியப் போட்டுக்கிட்டு, கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டிருந்தா.

அதான் காலையில முடியாதுன்னேன். எவனா இருந்தாலும் மைக்க அவன் எடத்துலதான் வைப்பான், இதுல என்ன ஆளப் பாக்கறதுன்னு நெனச்சேன்.

சரி, அந்தக் கண்ணாடிய எடுத்து மாட்டிக்குங்க தம்பி. சட்டப்பையில துருத்திக்கிட்டுத்தான இருக்கு. ஃபோட்டோல போட்டிருந்தீங்களே. ஆளப் பாக்க மாட்டேன்னேன் சரி, ஃபோட்டோவக் கொண்டாந்து சின்னவ சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வச்சிட்டுப் போறா, எப்படிப் பாக்காம இருக்கறது? கண்ணாடியக் கழட்டிட்டா ஆள் மாறிருமா? வயர்தான் தடுக்கும். நீங்க உள்ள வந்து தடுக்குனப்பவே எனக்குத் தெரியும். போதாக்குறைக்கு, வந்ததுலேர்ந்து வெல என்னன்னு கேக்கவே இல்ல நீங்க. அதோட எக்ஸ்ரே ரூம்ல சொல்ற மாதிரி மூச்சப் புடிச்சுக்குங்கன்னு எங்கிட்டயே சொல்றீங்க. இந்தக் கடைக்கு வந்த எவனும் என்ன மூச்சப் புடிக்கச் சொன்னதில்ல. அவதான அனுப்புனா? போய் ரிசீவரப் பத்தி ஒரு வார்த்த கேளுங்க, அப்பா பேசிக்கிட்டே இருப்பாருன்னு சொல்லியிருப்பா. எந்திரிக்காதீங்க, நான் ஒண்ணும் பண்ணிர மாட்டேன். நல்லா சாஞ்சு உக்காருங்க.

இப்பவும் சொல்றேன், உங்க காது எதுக்கும் லாயக்கில்ல. ரெண்டாவதுதான் நல்லாருக்குன்ன காது அது. அதுக்கு ரிசீவர் வாங்கிக் குடுக்கறது வீண். டிவியில வர்ற சத்தமே போதும், வீட்டுக்குப் போங்க.

இந்தா, மறுபடியும் அடிக்கறா. எடுக்கறேன், இருங்க. ம், சொல்லு. பாத்துட்டேன். ஆமா, ஃபோட்டோ இல்ல, ஆளத்தான். எங்கயா? இங்கதான், எம் முன்னாடி உக்காந்து வேர்த்துக்கிட்டிருக்காரு. அதெல்லாம் வந்து சொல்றேன். சாயங்காலம் அம்மாவக் கூட்டிக்கிட்டு வருவாரு. நம்ம சமையல்கட்டு வாசல்ல கெடக்கற ஸ்டூல எடுத்து உள்ள போட்ரு. அவங்க சோபாவுல உக்காரட்டும். பெரியவளையும் வரச் சொல்லு. தனியா வரச் சொல்லு. அவ புருஷன் கேட்டா அப்பா கூப்புட்டாருன்னு மட்டும் சொல்லட்டும், மிச்சத்த நான் பேசிக்கறேன். எத்தன நாளைக்கா? அவளுக்கு எத்தன நாள் இருக்கணும்னு தோணுதோ அத்தன நாள். ஏய், அழாத. சின்னவ பக்கத்துல இருக்காளா? ஃபோனக் குடு. வேணாம், குடுக்காத. நானே வந்து சொல்லிக்கறேன்.

அட, கால்லயெல்லாம் விழாதீங்க தம்பி, வயர் அறுந்துரும். மாமான்னு கூப்பிடலாமாவா? தாராளமாக் கூப்பிடுங்க, அதுல எனக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் உங்கள மாப்ளன்னு கூப்பிட மாட்டேன். எங்க வீட்ல ஒருத்தன் அந்த வார்த்தையக் கெடுத்து வச்சிருக்கான். தம்பின்னே கூப்பிட்டுக்கறேன்.