மேல் கொண்டி வரை வந்த தண்ணீர்

எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஐயா. பதினாறு வயதில் கினிகத்தேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்த காலத்தில் பழகியது. முதலாளி ஏசி ஏசியே கற்றுக்கொடுத்தார். அதனால் எந்த அதிகாரி வந்தாலும் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லயத்துச் சனங்கள் எனக்குத்தான் போன் அடிப்பார்கள். "சூசை தம்பி, ஒரு தொர வந்து நிக்குறாரு, என்னா கேக்குறாருன்னு வந்து சொல்லுங்க." நானும் ஓடிப்போவேன். நான் பிறந்த லயமாயிற்றே. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா, ஒன்றுக்கு ஒரு குடும்பம்.

தொழில், ஒப்பந்தக்காரன். டிக்கோயா சந்தியில் என் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். பலகை பெரியது. அதற்குப் பின்னால் இருந்தது நானும், ஆறு கூலியாட்களும், ஆஸ்துமாக்காரன் போல இருமும் ஒரு கலவை மெசினும்தான். ஒப்பந்தக்காரர்களுக்குத் தரம் உண்டு. நான் கடைசித் தரம். எனக்குக் கீழே தரைதான். ஒரு மதிப்பீட்டுக்கு மேற்பட்ட வேலைக்கு நான் டெண்டர் போடவே முடியாது. பதிவைப் புதுப்பிக்க, செய்து முடித்த அரசாங்க வேலை ஒன்றையாவது காட்ட வேண்டும். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. பதிவு முடிய ஒன்பது மாதம் இருந்தது. சந்தியில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டேதான் திரிந்தேன். என் மனைவி தெரேசா மட்டும், "தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்க, முன்பல்லு கொட்டிரும்" என்பாள்.

அப்போதுதான் ஆற்றங்கரை வேலை வந்தது. முந்திய வெள்ளத்தில் லயத்துக்கு முன்னாலிருந்த கரை அப்படியே கரைந்து போயிருந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை வலுத்ததுமே எல்லோரும் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டார்கள். கரையைத் திருத்திச் சுவர் கட்ட முடிவாகி, அளவெடுக்க ஒரு பொறியியலாளர் மிஸ் வந்தார். நல்ல பிள்ளை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தார். தமிழ் தெரியாது. என்னைக் கூப்பிட்டார்கள்.

தண்ணீர் எதுவரை நின்றதோ, அதற்கு மேல் ஓரடி சேர்த்துச் சுவரின் உயரம். வீட்டுச் சுவர்களிலிருந்த வெள்ளக்கறையை லயத்துக்காரர்களே தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். அது என் குற்றமில்லை. ஆகவே மிஸ் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் காம்பராவில் காளியாயி அக்கா நின்றார். கொழுந்து எடுப்பவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், புருஷன் இல்லை, தனுஷிகா என்று ஒரே மகள்.

"மேல் கொண்டி வரைக்கும் வந்துச்சு தம்பி. கதவு நனைஞ்சு ஊறிப் போயிருந்துச்சே."

நான் மிஸ்ஸிடம், "பூட்டு வரைக்கும்" என்றேன்.

பூட்டுக்கும் மேல் கொண்டிக்கும் நடுவே இரண்டரை அடி. அந்த இரண்டரை அடியைச் சேர்த்தால் மதிப்பீடு என் தரத்தைத் தாண்டிவிடும். வேலை கொழும்புக்காரனுக்குப் போகும். அதையெல்லாம் பெரிதாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். வாய் தானாகச் சொன்னது. மிஸ் குனிந்து பூட்டிலிருந்து தரைக்கு நாடாவைப் பிடித்தார்.

"கதவ எதுக்குத் தம்பி அளக்குறாங்க?"

"புதுக் கதவு குடுக்கப் போறாங்களாம்கா."

"ஐயோ, அப்ப கூரையையும் ஒருக்கா பாக்கச் சொல்லுங்க. நல்லா இருப்பீங்க."

டெண்டர் பெட்டி மூடும் நாளில் ஹட்டன் ரிஸ்வியும் கடித உறையோடு வந்திருந்தான். என் தரம்தான், பல வருடச் சிநேகிதன். "சூச, நீ அங்க பொறந்தவன். உண்மையச் சொல்லு மச்சான், தண்ணி அவ்வளவுதானா வந்திச்சு?" என்றான். பூட்டு வரைக்கும் என்றேன். அவன், "எனக்கு மனசு சரியில்ல. சுவருக்குக் கீழ ஆள் படுக்கோணுமே" என்று உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் கேட்ட விலை கூடுதல். வேலை எனக்குக் கிடைத்தது. அன்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்தினேன். ரிஸ்விக்காகவும் ஒன்று.

சுவரில் நான் களவு செய்யவில்லை. ஒரு மூடை சீமெந்து குறையவில்லை. கருங்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வைத்தேன். "என்னா தம்பி, என் நெஞ்சு மட்டத்துக்குத்தான் இருக்கு?" என்று அக்கா கேட்டபோது, "அடியில பூமிக்குள்ள இன்னொரு செவுரு இருக்குக்கா" என்றேன். சிரித்தார். புதுக் கதவையும் என் செலவிலேயே போட்டுக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்தது நான்தானே. நல்ல பலாப்பலகை. காம்பரா சின்னது என்பதால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினேன்.

அந்த வருடம் பதிவு புதுப்பித்தாயிற்று. அடுத்த வருடம் மேல் தரத்துக்கு விண்ணப்பித்து, நுவரெலியாவில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே மழை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி என் சுவரின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தமிழர். அப்போது காளியாயி அக்கா போன் அடித்தார்.

"தம்பி, ஆறு ஏறுது. கிராம சேவகர் பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னுட்டுப் போறாரு. தனுஷிகாவுக்குக் காச்சல், இந்த மழையில எப்படிக் கூட்டிட்டுப் போறது? உங்க செவுரு தாங்குமா? பக்கத்துக் காம்பராவுல இராமையா அண்ணனும் மதினியும் நீங்க சொல்றத வச்சுத்தான் பாத்துட்டு இருக்காங்க."

போங்கள் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நான் கட்டின செவருக்கா. புள்ளைக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்துட்டு நீங்களும் படுங்க" என்றேன்.

அதிகாரி புன்னகைத்தார். கையெழுத்துப் போட்டார்.

அன்றிரவு மற்ற எட்டுக் காம்பராக்காரர்களும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். தண்ணீர் போன தடவை வந்த அதே அளவுக்கு வந்தது, ஐயா, ஒரு அங்குலம் கூடக் கூடவில்லை. சுவருக்கு மேலால் ஒன்றரை அடி ஏறி உள்ளே விழுந்தது. விழுந்தது திரும்பிப் போகச் சுவர் விடவில்லை. காளியாயி அக்காவின் கதவை வெளியே நின்ற தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொண்டது. அக்கா, தனுஷிகா, பக்கத்துக் காம்பராவில் இராமையா அண்ணன், மதினி. நான்கு பேர். சுவரில் ஒரு கல்கூட அசையவில்லை என்று உங்கள் பொறியியலாளரே எழுதியிருக்கிறார்.

தண்ணீர் எதுவரை வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் படுக்கச் சொன்னேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். நான்கு பெட்டியும் என் செலவுதான். அழுததும் நான்தான் அதிகம், தோட்டமே பார்த்தது. இப்போது அந்த லயத்தில் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதுதான் தாங்கவில்லை. காளியாயி அக்கா இருந்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டார். இங்கேயே வந்து நின்று, "சூசை தம்பி அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க" என்று எனக்காக உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.