திம்மப்பனின் நோட்டில் விடுபட்ட பெயர்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் நிர்வாக இயக்குநர் மாதவன் அவர்களே! துணைவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாதேஸ்வரி அம்மா அவர்களே! மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்துவிட்ட மெஷின் ஷாப் தோழர்களே! வழக்கம்போல இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பேக்கிங் பிரிவுச் சகோதரிகளே! கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடு என்று காதில் சொல்லித்தான் என்னை மேடை ஏற்றினார்கள். நான் சுடலைமுத்து, ஸ்டோர்ஸ் பொறுப்பாளன். ஓசூருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் நாக்கிலிருந்து திருநெல்வேலி இறங்காதவன். பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர், மாமனிதர், ‘பென்குயின்’ திம்மப்பன் அவர்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? அவரோடு அதிகம் சண்டை போட்டவன் என்ற ஒரே தகுதிதான்!

வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறதே, படித்தீர்களா? திம்மப்பன் இல்லாததால், வருகிற ஒன்றாம் தேதி முதல் கம்பெனியின் பத்தொன்பது கம்ப்யூட்டர்களிலிருந்தும் லினக்ஸ் எடுக்கப்படும் என்கிறது. அவர் இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை, பதினாறாம் நாள் முடிவதற்குள் துடைக்கப்படப் போகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டுவது எதை? நான் எழுதிய மனுவை! ஆகவே நான் பேசித்தான் ஆக வேண்டும்.

லினக்ஸ் வருவதற்கு முன் நாம் எப்படி இருந்தோம்? எல்லாக் கம்ப்யூட்டரிலும் திருட்டு மென்பொருள். ‘இது அசல் அல்ல’ என்று திரையே தினமும் நம்மைப் பார்த்துச் சொல்லும். நாமும் அதற்குக் கீழே உட்கார்ந்து நேர்மையாக வேலை பார்ப்போம்! கடைசியில், நம்மிடம் கிளட்ச் கேபிள் வாங்குகிறவர்கள் தணிக்கைக்கு வந்து, இதைச் சரிசெய்யாவிட்டால் ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாதவன் சார் அன்றைக்கு மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. அப்போது எழுந்தவர் யார்? கெலமங்கலத்துத் திம்மப்பன்!

லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள், உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதியது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம், திருத்தலாம் என்றார். அதன் சின்னம் பென்குயின். பெயரும் அவருக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

நான் விடுவேனா? “எவனாவது சும்மா குடுப்பானா வே? உள்ள என்னத்தையோ வச்சிருக்கான்!” என்று கத்தினேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஆடி மாசம் கோயில்ல கூழு ஊத்தனாங்களே, மூணு டம்ளர் குடிச்சியே, உள்ள என்னா இருக்குதுன்னு கேட்டியாண்ணா? அடுப்பாண்ட போயி பாக்கறன்னாகூட யாரும் உன்ன தொரத்தல. இதுவும் அப்பிடித்தான், பாத்துக்கோ.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

பேக்கிங் பிரிவின் செல்லி அக்காவுக்குத் திரையைத் தெலுங்கில் மாற்றிக் கொடுத்தார். மெஷின் ஷாப் சந்தோஷுக்குக் கன்னடத்தில். எனக்குத் தமிழில் போட்டுக் கொடுத்தார். அதற்கும் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சண்டைக்குப் போனேன். என்ன மனிதன் நான்!

இப்போது அந்த ஆயுத பூஜை விஷயத்துக்கு வருகிறேன்.

நினைவிருக்கிறதா தோழர்களே? விடுமுறை முடிந்து கதவைத் திறக்கிறோம். வாசலில் லாரி. உள்ளே நானூறு பெட்டி. ஸ்கேனர் ஒரு லேபிளைக்கூடப் படிக்கவில்லை! படிக்காமல் பெட்டி வெளியே போகாது. திம்மப்பனோ ஜவளகிரியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில். “பென்குயின் படுத்துட்டுடோய்!” என்று முதலில் கூவியவன் நான். மதியத்துக்குள் லினக்ஸை ஒழிக்கச் சொல்லி மனு எழுதி, அறுபத்தோரு கையெழுத்து வாங்கினேன். நீங்களும்தான் போட்டீர்கள். யாரும் கூரையைப் பார்க்க வேண்டாம்!

திம்மப்பன் பஸ் பிடித்து வந்தார். பட்டு வேட்டியோடு வந்தார். ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்கிய ஸ்கேனரைக் கழற்றித் திருப்பினார். அந்தச் சிவப்பு வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று அன்று அதுவரை நாம் யாரும் அதன் முகத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பட்டு வேட்டியின் முனையால் துடைத்தார். ‘டிங்’ என்றது!

மாதவன் சார் கோபத்தோடு கேட்டார், என்ன ஆச்சு என்று. திம்மப்பன் சொன்னார்: “கண்ணாடில அழுக்கு சார். நான்தான் தொடைக்காம வுட்டுட்டன்.” அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கினார். பக்கத்தில் நின்று நான் வேறு, “இனியாவது கவனமா இரும் வே” என்று புத்தி சொன்னேன்!

அன்பர்களே, அது அழுக்கு இல்லை. சந்தனம். நடுவில் குங்குமம். வைத்தவன் நான்.

பூஜையன்று எல்லா எந்திரத்துக்கும் நெற்றி எது என்று தேடித்தேடிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். ஸ்கேனருக்கு அந்தக் கண்ணாடிதான் நெற்றி மாதிரி இருந்தது. பக்தி முற்றிக் கொஞ்சம் அழுத்தியே வைத்துவிட்டேன்! அவர் திரும்பிப் பார்த்தபோது குங்குமத் தட்டு என் மேஜையில்தான் இருந்தது. அவருக்குத் தெரியும். கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

என்ன மாதேஸ்வரி அம்மா? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். “அன்னிக்கே வூட்ல வந்து சொல்லி வுழுந்து வுழுந்து சிரிச்சாருங்ணா” என்கிறீர்களா? சிரித்தாரா! பட்டு வேட்டிக் கறைக்கு யார் காரணம் என்றும் தெரியுமா? போகவே இல்லையா? மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா.

மாதவன் சார், ‘நாளைக்குக் கோளாறு வந்தால் யார் பார்ப்பது?’ என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. டீ ஸ்டால் பக்கத்தில் நூல் கட்டித் தொங்குமே, நான் அவிழ்த்துக் கையோடு கொண்டுவந்திருக்கும் இந்த நோட்டை நீங்கள் புரட்டியதுண்டா? ஒவ்வொரு கோளாறும், அதன் காரணமும், சரிசெய்யும் வழியும் திம்மப்பன் கையெழுத்தில் இருக்கிறது. அட்டையில் எழுதியிருக்கிறார்: ‘யாரும் படிக்கலாம். தப்பிருந்தால் யாரும் திருத்தலாம்.’ அவர் போன பின் மூன்று கோளாறு வந்தது. இதைப் பார்த்தே பராமரிப்புப் பிரிவு லாவண்யா இரண்டைச் சரிசெய்தாள். மூன்றாவதைச் சரிசெய்தது யார் தெரியுமா? நான்! நாலு மணி நேரம் ஆனது, அது வேறு விஷயம்.

அந்த ஆயுத பூஜை விடுமுறை முடிந்த நாளின் பக்கத்தை நேற்றுத்தான் பார்த்தேன். ‘கோளாறு: ஸ்கேனர் படிக்கவில்லை. காரணம்: சந்தனம். சரிசெய்தவர்: திம்மப்பன். வைத்தவர்:’ என்று எழுதி, எதிரில் இடம் விட்டிருக்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நானாக எழுதட்டும் என்று விட்டாரோ என்னவோ!

சார், அந்த அறுபத்தோரு கையெழுத்து மனு செல்லாது. பொய்யின்மேல் வாங்கியது. அறிவிப்பைக் கிழித்துவிடுங்கள். லாவண்யாவும் நானும் பத்தொன்பது கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்கிறோம். வருகிற பூஜைக்கு ஸ்கேனரின் பிடியில் மட்டுமே பொட்டு வைப்பேன், இது சத்தியம்.

யாராவது ஒரு பேனா கொடுங்கள்.

எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘வைத்தவர்: ஸ்டோர்ஸ் சுடலைமுத்து.’ திருத்திவிட்டேன், திம்மப்பா.