பதினேழாம் தூணுக்குப் பின்னால்

மரால்: …இன்னும் கொஞ்சம் உள்ள போங்க துர்சுன் அண்ணே. பதினேழாம் தூண். அதுக்குப் பின்னாடிதான் வால்வு.

துர்சுன்: போன்ல கத்தாத தங்கச்சி, காது இன்னும் இருக்கு. தூணு இருக்கு, வால்வத்தான் காணோம்.

மரால்: இருக்கு! என் கம்ப்யூட்டர் மாடல்ல இந்த ஏர்போர்ட் டெர்மினலே முழுசா நிக்குது. குழாய், கம்பி, ஒவ்வொரு திருகும்…

துர்சுன்: அப்போ உன் கம்ப்யூட்டர்லயே மூடிடேன். இங்க வெந்நீர்க் குழாய் உடைஞ்சு கூரையிலருந்து ஊத்துது. அக்தாவ் ஃப்ளைட்டுக்கு நிக்கிற ஜனம் பெட்டியத் தலையில கவுத்துக்கிட்டு இருக்கு.

மரால்: விளையாடாதீங்க. மேலதிகாரிங்க மெயின் வால்வையே மூடச் சொல்றாங்க. இந்த வெந்நீர்தான் கட்டடத்துக்கே சூடு, மெயின மூடினா பூரா வெறைச்சிடும். வெளிய மைனஸ் இருபத்தெட்டு!

துர்சுன்: தெரியும்… தெரியும்.

மரால்: தூணுக்குப் பின்னாடி என்னதான் இருக்கு?

துர்சுன்: …சுவரு.

மரால்: சுவரா? மாடல்ல அங்க சுவரே இல்லியே!

துர்சுன்: உன் மாடல் தூங்கிருக்கும்.

மரால்: கதவு ஏதாவது…

துர்சுன்: அது… இருக்கு. பூட்டியிருக்கு.

மரால்: ஐயோ! சாவி யார்ட்ட?

துர்சுன்: …என் பாக்கெட்ல.

மரால்: என்னது!

துர்சுன்: திட்டாத. குழாய்க்காரங்க நாலு பேரு, டீ குடிக்க ஒதுங்க இடமில்ல. மிச்சம் கெடந்த ஜிப்சம் பலகைய வச்சு சின்னதா ஒரு ரூம்… கம்பளம்கூட விரிச்சிருக்கோம்.

மரால்: ஏர்போர்ட்டுக்குள்ள திருட்டு ரூமா!

துர்சுன்: டீக்குத் தொட்டுக்க பவுர்சாக் இருக்கு, மாவு உருண்டை. காலையில பொரிச்சது. எடுத்து வைக்கவா?

மரால்: அண்ணே, வால்வு!

துர்சுன்: இரு… அலமாரிய நகத்துறேன்… அட, இந்தா! நீ சொன்ன எடத்துலயேதான்.

மரால்: சொன்னேன்ல? திருகுங்க!

துர்சுன்: துருப் புடிச்சுக் கெடக்கு… ம்ம்… அசைய மாட்டேங்குது… வா ராசா, வா…

மரால்: அண்ணே?

துர்சுன்: வந்துருச்சு!

மரால்: அழுத்தம் எறங்குது… எறங்குது! ஊத்துறது நின்னுச்சா?

துர்சுன்: எட்டிப் பாக்குறேன்… சொட்டுதான். ஜனம் கைதட்டுது. யாருக்குன்னு அதுக்கே தெரியல.

மரால்: அப்பாடா…

துர்சுன்: சரி, ரிப்போர்ட் எழுது. சுவர மாடல்ல போடு. கட்டுனது யாருன்னும் எழுது. என் பேரு மட்டும் போதும், பசங்கள விட்டுரு. நான் வாய மூடிக்கிட்டு நின்ன நேரத்துல யார் தலையிலயாவது கூரை விழுந்திருந்தா…

மரால்: அத எப்போ கட்டுனீங்க?

துர்சுன்: ரெண்டு வருஷம் ஆச்சு.

மரால்: ரெண்டு வருஷமா…

துர்சுன்: ஆமா. ஏன்… இரு இரு! போன மார்ச்சுல தூண் தூணா நேர்ல பாத்தாச்சு, எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டது நீதான? இம்மாம் பெரிய சுவரு எப்படிக் கண்ணுல படாமப் போச்சு?

மரால்: …அளவுநாடா எடுத்துக்கிட்டு இப்பவே கெளம்புறேன் அண்ணே. வழி மட்டும் சொல்லுங்க. நான் அந்தப் பக்கம் வந்ததே இல்ல.