பக்கத்து வயல் இன்னும் விதைக்கலை

மனைவி: கத்தாதீங்க! மழையை நானா முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன்?

கணவன்: காலையில சோளம்ன... இப்ப எள்ளுங்கிற!

மனைவி: எள்ளுன்னது நீங்க. நெல்லுக்குத் தண்ணி இல்லை, சோளம் போடுவோம்னேன். அதுவும் தாங்காதுன்னு எள்ளுக்குத் தாவினீங்க. மூட்டையை மாத்தி மாத்தி இழுத்து என் இடுப்பு போச்சு.

கணவன்: யோசிக்க வேணாமா?

மனைவி: நல்லா யோசிங்க. நேத்துப் பெஞ்ச ஒத்தை மழை. இன்னிக்கு விதைக்கலைன்னா ஈரம் போயிடும். அப்புறம் இந்த வருஷமும் வெறும் மண்ணுதான்.

கணவன்: இரு... பக்கத்து வயல்காரர் இன்னும் விதை வண்டியை வயல்ல இறக்கலை.

மனைவி: ஆமா, அவர் தலையைச் சொறிஞ்சாத்தான் உங்களுக்கு அரிக்கும்.

கணவன்: கிண்டலா? போன வறட்சியில நாம நெல்லு, அவர் கம்பு. யார் வீட்டுல அடுப்பு எரிஞ்சது? இப்ப சும்மா போட்டிருக்கார்னா ஏதோ தெரிஞ்சுதான்...

மனைவி: அப்ப கேட்டுத் தொலைங்க.

கணவன்: எப்படிக் கேக்குறது... கௌரவம்னு ஒண்ணு...

மனைவி: வேலிக்கு மேல எட்டிப் பார்க்குறப்ப அது எங்க போச்சு? இதோ, அவரே வர்றார். அண்ணே, வாங்க!

வயல்காரர்: என்ன தம்பி, விதைச்சாச்சா?

கணவன்: நீங்க விதைக்கலையேண்ணே?

வயல்காரர்: அது... மண்ணு கொஞ்சம் ஆறட்டும்னு...

கணவன்: பார்த்தியா! ஆறணுமாம்!

மனைவி: சும்மா இருங்க. ஏண்ணே, அண்ணி பாத்திரத்தை எல்லாம் சாக்குல கட்டினாங்களே?

வயல்காரர்: துலக்குறதுக்கும்மா.

மனைவி: கட்டிலையும் பிரிச்சீங்களே, அதையுமா துலக்கப் போறீங்க?

கணவன்: உனக்கு எதுக்கு ஊர்வம்பு! அண்ணே... சோளமா, எள்ளா? ஒரு வார்த்தை.

வயல்காரர்: எனக்கென்ன தெரியும் தம்பி?

கணவன்: உங்களுக்கா? அன்னிக்குக் கம்பு போட்டீங்களே!

வயல்காரர்: உன் வண்டியில கம்பு மூட்டை இறங்கிச்சு. அதைப் பார்த்துத்தான் போட்டேன்.

கணவன்: ஐயோ... அதை நான் மறுநாளே திருப்பிக் குடுத்துட்டு நெல்லு வாங்கினேனே!

வயல்காரர்: அதை நான் பார்க்கலையே...

மனைவி: நல்லா இருக்கு! அப்ப இந்தத் தடவை யாரைப் பார்த்துண்ணே சும்மா போட்டீங்க?

வயல்காரர்: யாரையும் பார்க்கலைம்மா. விவசாயம் போதும்னு பொண்ணைக் கட்டிக்குடுத்த ஊருக்கே குடி போறோம்... விடிஞ்சா கிளம்பணும். சொன்னா தம்பியும் மனசு உடைஞ்சிடுவானேன்னு விதைக்கப் போறவன் மாதிரியே நடமாடிக்கிட்டு இருந்தேன்... அவன் அதையும் பார்த்துக்கிட்டா நிப்பான்?