பொமரேனியனுக்குத் தலை இழுப்பவர்

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலைய வாசலில் ஏறிய பேருந்தில், என் முன்னிருக்கையில் இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள். மூத்தவர் சொன்னார்:

"என்ரை தலையைச் சீப்பாலை இழுக்க நேரமில்லை. எங்கடை பொமரேனியன் நாய்க்கு மட்டும் ஒவ்வொரு நாளும் இழுக்கிறன்."

"இந்த வெயிலுக்கு மொட்டை அடிச்சு விடுங்கோவன், அக்கா."

"ஐயோ, அவளுக்கு ரெண்டு அடுக்கு மயிர். அதுதான் வெக்கையையும் தடுக்கிறது. வழிச்சால் பழையபடி வளராமலும் போகும்."

"கடிக்கமாட்டாளே?"

"முதல் கடிச்சவள். முந்தி வைச்சிருந்த ஆக்கள் அடிச்சிருப்பினம் போலை. சீப்பைக் கண்டாலே கட்டிலுக்குக் கீழை ஓடிப்போவாள். நானும் நிலத்திலை படுத்து, கையாலையே மெல்லமெல்லச் சிக்கெடுத்தன். இண்டைக்குக் காலமை தானே சீப்பைக் கவ்விக்கொண்டு வந்து மடியிலை ஏறினவள்!"

கைபேசியில் படத்தைக் காட்டினார். பின்னால் இருந்த எனக்கும் தெரியட்டும் என்பதுபோல் கொஞ்சம் உயர்த்தியே பிடித்தார்.